தாமஸ் மெக்ரா: ஒழுங்குமுறை ஆணையங்களின் கதையை மனிதர்களை வைத்துச் சொன்னவர்

ஆடிட்டர் வேலை பார்ப்பவன் வரலாற்றுப் புத்தகத்தில் தன் தொழிலைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். போர் இருக்கும், புரட்சி இருக்கும், தலைவர்கள் இருப்பார்கள். பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிற ஆளுக்கு அங்கே இடம் இருக்காது. பெருமந்தத்தில் நொறுங்கிப் போன அமெரிக்கப் பங்குச் சந்தையைத் தூக்கி நிறுத்தியதில் கணக்குத் தணிக்கையாளர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று எனக்குச் சொன்னவர் தாமஸ் மெக்ரா. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் வணிக வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். 2012 நவம்பரில் காலமானார். தமிழில் அவரைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

அவர் பிறந்தது 1940-ல், அமெரிக்கத் தெற்கில் மிசிசிப்பி மாநிலத்தின் கொரிந்த் என்ற சிறிய ஊரில். அப்பா டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தில், அதாவது டி.வி.ஏ.வில் இன்ஜினீயர். 1933-ல் ரூஸ்வெல்ட் ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே தொடங்கிய அமைப்பு அது. ஏழு மாநிலங்களில் விரிந்த பள்ளத்தாக்கைக் கொண்ட டென்னசி ஆற்றின் அணைகள், வெள்ளத் தடுப்பு, படகுப் போக்குவரத்து, மின்சாரம் எல்லாவற்றையும் ஒரே அரசு நிறுவனத்தின் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். மிசிசிப்பி பல்கலைக்கழகப் படிப்பு, கடற்படையில் நான்கு ஆண்டுகள், அப்புறம் விஸ்கான்சினில் முனைவர் பட்டம். இத்தனைக்கும் பிறகு மெக்ரா ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது அப்பா வேலை பார்த்த அதே அமைப்பைத்தான். முதல் இரண்டு புத்தகங்களும் டி.வி.ஏ. பற்றியவை. ஒன்று 1970-லும் மற்றொன்று 1971-லும் வந்தன.

முதல் புத்தகம் ஒரு சண்டையைப் பற்றியது. டி.வி.ஏ.வுக்கு மூன்று இயக்குநர்கள். தலைவர் ஆர்தர் மார்கன், வெள்ளத் தடுப்பில் பெயர்பெற்ற இன்ஜினீயர், கல்லூரித் தலைவராக இருந்தவர், பெரிய லட்சியவாதி. இன்னொருவர் டேவிட் லிலியென்தால், பதவிக்கு வந்தபோது முப்பத்தைந்து வயதைக்கூடத் தொடாத வக்கீல். மூன்றாமவர் ஹார்கோர்ட் மார்கன், வேளாண்மை நிபுணர். தனியார் மின் கம்பெனிகளோடு பேசிச் சமரசமாகப் போகலாம் என்றார் ஆர்தர் மார்கன். போட்டி போட்டு விலையை இறக்கினால்தான் மக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மின்சாரம் கிடைக்கும் என்றார் லிலியென்தால். கொள்கை வேறுபாடு தனிப்பட்ட பகையாக முற்றியது. சக இயக்குநர்கள் மீது மார்கன் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். ஆதாரம் கேட்ட ரூஸ்வெல்ட்டுக்கு அவர் பதில் சொல்ல மறுக்கவே, 1938 மார்ச்சில் பதவி பறிபோனது. அடுத்த வருடமே எதிர்முகாமில் இருந்த காமன்வெல்த் அண்ட் சதர்ன் கம்பெனி டென்னசி மாநிலத்தில் இருந்த தன் மின்சாரச் சொத்துகளைச் சுமார் 7.8 கோடி டாலருக்கு அரசுத் தரப்பிடம் விற்றுவிட்டு வெளியேறியது. அந்தக் கம்பெனியின் தலைவர் வெண்டல் வில்கி 1940 தேர்தலில் ரூஸ்வெல்ட்டையே எதிர்த்து நின்றார்.

சண்டை போட்ட ஆர்தர் மார்கனும் லிலியென்தாலும் நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். 1948-49-ல் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் நம் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரோடு உட்கார்ந்தவர் இதே ஆர்தர் மார்கன். கிராமங்களுக்கென்று தனிப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று அந்த அறிக்கையில் வரும் யோசனையில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு, காந்திகிராமத்துக்குப் பேருந்தில் போய்ப் படித்த பிள்ளைகளைத் தினமும் பார்க்கிற எனக்கு அந்தப் பெயர் சும்மா கடந்துபோகிற பெயர் அல்ல. லிலியென்தால் 1951-ல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் வந்துபோனார். சிந்து நதி நீரைப் பற்றி அவர் எழுதிய யோசனையை உலக வங்கி கையில் எடுத்தது. அது 1960 ஒப்பந்தத்தில் போய் முடிந்தது. 1948-ல் தொடங்கிய தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்துக்கும் முன்மாதிரி டி.வி.ஏ.தான்.

சரி, மெக்ராவுக்கு வருகிறேன். 1970-ல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நடுவில் 1973-74-ல் ஓர் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் ஒரு வருடம். 1978-ல் அங்கேயே நிரந்தரமாகப் போய்ச் சேர்ந்தார். அங்கே வணிக வரலாற்றுக்கென்று 1927-லேயே ஒரு பேராசிரியர் இருக்கை உண்டு. டைட்டானிக் கப்பலோடு மூழ்கிய மேசீஸ் கடை முதலாளி இசிடோர் ஸ்ட்ராஸின் பெயரில் அமைந்தது. மெக்ரா போனபோது அதில் இருந்தவர் ஆல்ஃபிரட் சாண்ட்லர். பெரிய கம்பெனிகள் ஏன் தோன்றின, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மேலாளர்கள் எப்படி ஒரு தனி வர்க்கமாக எழுந்தார்கள் என்பதை எழுதி 1978-ல் புலிட்சர் பரிசு பெற்றவர். 1989-ல் அவருக்குப் பின் அந்த இருக்கை மெக்ராவுக்கு வந்தது.

சாண்ட்லரின் எழுத்தில் கம்பெனிகள் மட்டும்தான் இருக்கும். அரசாங்கம் ஏறக்குறைய கண்ணிலேயே படாது. மெக்ரா நின்றது சாண்ட்லர் விட்டுவைத்த அந்த இடத்தில். தொழிலின் மேல் அரசு கை வைக்கும்போது எப்போது அது பலிக்கிறது, எப்போது பலிக்காமல் போகிறது? அவருடைய மொத்த வாழ்க்கையும் இந்த ஒரே கேள்வியைச் சுற்றித்தான் என்பது என் கணிப்பு.

எழுபதுகளில் இந்தக் கேள்விக்கு இரண்டு ரெடிமேட் பதில்கள் புழக்கத்தில் இருந்தன. பொதுமக்கள் நன்மைக்காகத்தான் ஒழுங்குமுறை ஆணையங்கள் வந்தன என்பது ஒரு கட்சி. அதெல்லாம் பொய், எந்தத் தொழிலைக் கண்காணிக்க ஆணையம் வந்ததோ அந்தத் தொழிலே ஆணையத்தை விழுங்கிவிடும் என்பது எதிர்க்கட்சி. 1975-ல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையில் மெக்ரா இரண்டையும் வரலாற்றுச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நூறு வருடக் கதையை இவற்றில் எந்த ஒன்றை வைத்தும் சொல்லிவிட முடியாது என்பதுதான் அவர் வந்து சேர்ந்த இடம். கேட்கச் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் மின் கட்டண உயர்வு பற்றியோ நம் பங்குச் சந்தை ஆணையமான செபி பற்றியோ நம் டீக்கடையிலும் டிவியிலும் நடக்கிற விவாதங்களைக் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கும் இந்த இரண்டு கட்சிகள்தான்.

1984-ல் அவருடைய பெரிய புத்தகம் 'ப்ராஃபெட்ஸ் ஆஃப் ரெகுலேஷன்' வந்தது. அடுத்த வருடம் வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு. நான்கு பேரின் வாழ்க்கை வழியாக அமெரிக்க ஒழுங்குமுறையின் நூறாண்டுக் கதையைச் சொல்கிறார்.

முதல் ஆள் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ். தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அமெரிக்க ஜனாதிபதிகள். 1869-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரயில்வே ஆணையம் அமைந்தபோது அதன் மூன்று உறுப்பினர்களில் ஒருவரானார். அந்த ஆணையத்துக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிட்டத்தட்ட இல்லை. விசாரிக்கலாம், அறிக்கை எழுதலாம், ஊருக்குச் சொல்லலாம், அவ்வளவுதான். 1871 ஆகஸ்டில் பாஸ்டன் பக்கம் ரெவீர் என்ற இடத்தில் நின்றுகொண்டிருந்த ரயிலின் பின்னால் எக்ஸ்பிரஸ் ரயில் மோதி ஏறக்குறைய 30 பேர் செத்தார்கள். தந்தி வசதி இருந்தும் அந்த ரயில் கம்பெனி வண்டிகளை இயக்க அதைப் பயன்படுத்தவில்லை. ஆடம்ஸ் குற்றவாளியைத் தேடிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. மாநிலத்தின் ரயில்வே அதிகாரிகளைக் கூட்டி உட்காரவைத்துத் தந்தி, சிக்னல், காற்று பிரேக் என்று ஒவ்வொன்றாகப் பேசி ஏற்கவைத்தார். அதிகாரமே இல்லாத ஆணையம், உண்மையை வெளிச்சத்தில் வைப்பதால் மட்டும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மெக்ரா காட்டும் உதாரணம் இது.

இரண்டாமவர் லூயிஸ் பிராண்டைஸ். மக்கள் வக்கீல் என்று பெயர் எடுத்தவர், வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1914-ல் உருவானதில் பங்கு கொண்டவர், 1916-லிருந்து 1939 வரை உச்ச நீதிமன்ற நீதிபதி. அமெரிக்க முற்போக்காளர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் மனிதர். அவரைத்தான் மெக்ரா கடுமையாக விமர்சிக்கிறார். பெரிய கம்பெனி என்றாலே திறமையில்லாதது, தில்லுமுல்லு செய்துதான் வளர்ந்தது என்று பிராண்டைஸ் நம்பினார். எண்ணெய், எஃகு போல முதலீடு கொட்டி, இடைவிடாமல் உற்பத்தி செய்யவேண்டிய தொழில்களில் பெரிதாவது லாபகரம். அங்கே வளர்ந்தவர்கள் நிலைத்தார்கள். கயிறு போன்ற தொழில்களில் டிரஸ்ட் கட்டி, அதாவது போட்டிக் கம்பெனிகளை ஒரே கூட்டாகச் சேர்த்துப் பெரிதாகப் பார்த்தவர்கள் கவிழ்ந்தார்கள். 1893-ல் திவாலான நேஷனல் கார்டேஜ் கம்பெனி அதற்குச் சாட்சி. இந்த வித்தியாசம் பிராண்டைஸுக்குப் புரியவில்லை என்பது மெக்ராவின் வாதம். சின்னக் கடைக்காரர்களுக்காக பிராண்டைஸ் கேட்ட, எந்தக் கடையும் குறைத்து விற்கமுடியாத நிலையான சில்லறை விலை, வாங்குபவனின் பையிலிருந்துதான் போயிருக்கும் என்றும் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்.

கணக்கு சரிதான். ஆனாலும் இந்த அத்தியாயத்தில் நான் மெக்ரா பக்கம் முழுதாகப் போகமாட்டேன். என்னிடம் கணக்கு கொடுப்பவர்களில் பூட்டுப் பட்டறைக்காரர்கள் உண்டு, மளிகைக் கடைக்காரர்கள் உண்டு. கடை மூடினால் போவது ஒரு வியாபாரம் மட்டும் அல்ல. கடன் கொடுக்கிற, கோயில் திருவிழாவுக்கு வரி கட்டுகிற, வார்டு பிரச்சினைக்கு முன்னால் வந்து நிற்கிற ஒரு சுதந்திரமான மனிதர் அந்தத் தெருவிலிருந்து காணாமல் போகிறார். பிராண்டைஸ் பயந்தது இதற்குத்தான். அந்தப் பயத்தைப் பொருளாதார மொழியில் சொல்லப் போய்த்தான் அவர் சறுக்கினார். இதை மெக்ராவும் பார்த்திருக்கிறார். பார்த்த பிறகும் விலையையும் உற்பத்தியையும் வைத்தே தீர்ப்பு எழுதியது எனக்கு உறுத்துகிறது. மெக்ரா இறந்து பத்து வருடத்துக்குள் பிராண்டைஸின் பெயர் அமெரிக்காவில் மறுபடி உயிர்பெற்றது. 2021-ல் ஃபெடரல் டிரேட் கமிஷனின் தலைவராக வந்த லினா கான் அந்தச் சிந்தனைப் பள்ளியைச் சேர்ந்தவர். இணையத்தின் ராட்சதக் கம்பெனிகளைப் பற்றி மெக்ரா என்ன எழுதியிருப்பார் என்று படிக்க எனக்கு அவ்வளவு ஆசை.

மூன்றாமவர் ஜேம்ஸ் லாண்டிஸ். நான் திரும்பத் திரும்பப் படிக்கிற அத்தியாயம் இவருடையது. 1899-ல் டோக்கியோவில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அசாத்தியமான மூளை. பிராண்டைஸிடமே சட்ட உதவியாளராக இருந்தவர். 1933 ஏப்ரலில் பங்குகள் சட்டத்தின் வரைவை எழுத வாஷிங்டன் போய் ஒரு வார இறுதியில் திரும்பிவிடலாம் என்று நினைத்தவர், பல ஆண்டுகள் அங்கேயே தங்கவேண்டியதாயிற்று. அடுத்த வருடம் பங்குச் சந்தை ஆணையமான எஸ்.இ.சி. வந்தது. அதில் உறுப்பினராகி, 1935-லிருந்து 1937 வரை தலைவராகவும் இருந்தார்.

வால் ஸ்ட்ரீட்டில் நடக்கும் ஒவ்வொரு வியாபாரத்தையும் அரசு ஊழியர்களை வைத்துக் கண்காணிப்பது நடக்காத காரியம் என்று லாண்டிஸுக்குத் தெரியும். எனவே அந்தத் தொழிலுக்குள்ளேயே இருப்பவர்களின் சுயநலத்தை ஒழுங்கின் பக்கம் திருப்பும்படி சட்டத்தை அமைத்தார்கள். பங்கு வெளியிடும் கம்பெனி தன் நிதி விவரங்களைப் பதிவு செய்யவேண்டும். அந்தக் கணக்கைச் சுதந்திரமான தணிக்கையாளர் சான்றளிக்கவேண்டும். தவறான தகவலுக்குக் கையெழுத்துப் போட்டவர்களும் பொறுப்பு. பங்குச் சந்தைகள் முதலில் தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளட்டும், பின்னால் ஆணையம் நிற்கும். தணிக்கையாளருக்கு இதில் வேலையும் கிடைத்தது, மரியாதையும் கிடைத்தது, சொன்னதைக் கேட்காத முதலாளியிடம் "இதில் நான் கையெழுத்துப் போடமுடியாது" என்று சொல்லும் தெம்பும் கிடைத்தது. அந்தத் தெம்பு என்னவென்று செப்டம்பர் மாதக் கடைசியில் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். கையிருப்புச் சரக்கைக் கூட்டியோ குறைத்தோ காட்டும் ஒரு ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை மேசையில் வைத்துவிட்டு, "எல்லாரும் இப்படித்தான் சார் பண்றாங்க" என்பார்கள். அதற்கு மறுப்பு சொல்லும்போது என் ஒருவனின் குணத்தை மட்டும் நம்பி நான் சொல்வதில்லை. எனக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. அந்தச் சட்டத்தை வடிவமைப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்று மெக்ராவைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இந்த ஏற்பாடு தோற்றும் போயிருக்கிறது. 2001-ல் கணக்கு மோசடியில் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனி விழுந்தபோது அதன் தணிக்கை நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சனும் கூடவே விழுந்தது. தணிக்கையாளரைக் கண்காணிக்க 2002-ல் தனியாக ஒரு சட்டம் போடவேண்டி வந்தது.

லாண்டிஸின் முடிவு மனதைப் பிசைவது. ஹார்வர்டு சட்டக் கல்லூரி டீன், விமானப் போக்குவரத்து வாரியத் தலைவர், ஒழுங்குமுறை ஆணையங்களைச் சீர்திருத்த 1960-ல் ஜான் கென்னடிக்கு அறிக்கை எழுதியவர். இத்தனையும் ஆன மனிதர் 1956-லிருந்து 1960 வரை ஐந்து வருடங்களுக்கு வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை. 1963-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முப்பது நாள் தண்டனை. 1964 ஜூலையில் வக்கீல் தொழில் செய்யத் தடை. அதே மாதம் தன் வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். மெக்ரா இதை எழுதும்போது நீதி சொல்வதில்லை, பரிதாபம் தேடுவதும் இல்லை. ஊருக்கெல்லாம் விதி எழுதிய மூளை தன் சொந்தக் காரியத்தில் ஏன் செயலற்றுப் போனது என்பதை அவருடைய உழைப்பு வெறியோடும் குடியோடும் தனிமையோடும் சேர்த்து வைத்துக் காட்டுகிறார். ரிட்டர்ன் போடாமல் வருடங்களைத் தள்ளிக்கொண்டே போன, மற்றபடி நேர்மையான மனிதர்களை நானும் பார்த்திருக்கிறேன். அலமாரியைத் திறக்கவே பயப்படுவார்கள். அவர்களிடம் பேசும் விதத்தை இந்த அத்தியாயம் எனக்கு மாற்றியது.

நான்காமவர் ஆல்ஃபிரட் கான், கார்னெல் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர். எழுபதுகளில் நியூயார்க் மாநிலப் பொதுச் சேவை ஆணையத்துக்குத் தலைமை ஏற்று, மின்சாரத்துக்கு நேரத்துக்கு ஏற்ற விலை வேண்டும் என்று வாதாடினார். எல்லோரும் ஒரே நேரத்தில் சுவிட்ச் போடும்போது தயாரிக்கும் யூனிட்டுக்குச் செலவு அதிகம், விலையும் அதிகமாக இருக்கட்டும் என்றார். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில் நடத்துகிறவர்கள் கட்டும் 'பீக் ஹவர்' கட்டணத்துக்குப் பின்னால் இருக்கும் தர்க்கமும் இதுதான். 1977-ல், விமானக் கட்டணங்களையும் வழித்தடங்களையும் தீர்மானித்துவந்த விமானப் போக்குவரத்து வாரியத்தின் தலைவராகப் போனவர், அந்த வாரியமே தேவையில்லை என்ற நிலைக்குக் காரியத்தைக் கொண்டுபோனார். 1978 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கும் சட்டம் வந்தது. 1984 முடிவில் வாரியத்தை மூடிவிட்டார்கள். அலுவலகக் குறிப்புகளை மனிதர் மனிதரிடம் பேசுவது போல எழுதுங்கள் என்று தன் ஊழியர்களுக்கு அவர் அனுப்பிய சுற்றறிக்கை அந்தக் காலத்தில் பத்திரிகைச் செய்தியானது. நம் ஜி.எஸ்.டி. நோட்டீஸ்களைப் படிக்கும்போதெல்லாம் இந்த மனிதரை நினைத்துக்கொள்வேன்.

நால்வரையும் வைத்து மெக்ரா கண்ட முடிவு இது: ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் உள் இயல்பு இருக்கிறது, விதி அந்த இயல்போடு பொருந்தினால் நிற்கும், பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும் நிற்காது. அதைக் கொள்கை விளக்கமாக எழுதியிருந்தால் எட்டிப்பார்க்க ஆள் இருந்திருக்காது. நான்கு மனிதர்களின் பலமும் பலவீனமும் கூடவே வந்ததால்தான் அது இன்றும் வாசிக்கப்படுகிறது.

தொண்ணூறுகளில் எம்.பி.ஏ. மாணவர்களுக்காகச் சக ஆசிரியர்களோடு ஒரு பாடத்தை உருவாக்கினார். அது 1997-ல் புத்தகமாகவும் வந்தது. பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் நான்கும் தொழில்மயமான கதையை வெட்ஜ்வுட், டாய்ச்ச வங்கி, ஐ.பி.எம்., டொயோடா போன்ற கம்பெனிகளை முன்வைத்துச் சொல்லும் பாடம். 'பிசினஸ் ஹிஸ்டரி ரிவ்யூ' இதழின் ஆசிரியராகவும் இருந்தார்.

அப்புறம் ஷூம்பீட்டர். 2007-ல், ஓய்வு பெற்ற வருடத்தில், அந்தப் பொருளாதார மேதையின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1919-ல் ஆஸ்திரியாவின் நிதியமைச்சர், பிறகு வங்கித் தலைவர், அதில் சொத்தை இழந்து கடனாளி. 1926-ல் தாய் இறந்தார். சில வாரங்களில் இளம் மனைவி ஆனி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. அதன் பிறகு ஆனியின் டைரியை ஷூம்பீட்டர் தன் கையால் வரிக்கு வரி பிரதி எடுத்தார். புதியது எழும்போது பழையது அழிந்தே தீரும் என்று முதலாளித்துவத்துக்கு இலக்கணம் சொன்ன மனிதர், தான் இழந்தவர்களை விடமுடியாமல் வருடக்கணக்கில் அவர்களிடமே பிரார்த்தித்துக்கொண்டிருந்தார். மெக்ரா இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து எழுதுகிறார். அவருடைய எழுத்தின் உச்சம் அந்தப் பக்கங்கள்தான் என்பது என் அபிப்பிராயம்.

கடைசிப் புத்தகம் 2012-ல், அவர் இறந்த வருடத்திலேயே வந்தது. அமெரிக்காவின் முதல் ஆறு நிதியமைச்சர்களில் நான்கு பேர் வெளியில் பிறந்து வந்தவர்கள். கரீபியன் தீவிலிருந்து ஹாமில்டன், ஜெனிவாவிலிருந்து காலட்டின், ஸ்காட்லாந்திலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் மற்ற இருவர். நிலத்தில் வேர்விட்டவர்களுக்குச் சொத்து என்றால் மண். கடல் தாண்டி வந்தவர்களுக்கு அது கையோடு கொண்டுபோகக்கூடிய பணமும் கடன் பத்திரமும். கடனில் மூழ்கியிருந்த புதிய நாட்டின் கணக்கைச் சரிசெய்ய அந்தப் பார்வை உதவியது என்பது மெக்ராவின் வாதம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: சி.ஏ. படிக்கிற பிள்ளைகள் நேராக லாண்டிஸ் அத்தியாயத்துக்குப் போங்கள், முந்தையதைப் படிக்காவிட்டாலும் புரியும். கதை வேண்டுபவர்கள் ஷூம்பீட்டரை எடுங்கள், பருமனைப் பார்த்து மலைக்கவேண்டாம். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் டி.வி.ஏ. புத்தகங்களைத் தேடிப் பாருங்கள். படித்தவர்கள் யாராவது பிராண்டைஸ் விஷயத்தில் மெக்ரா சொன்னதுதான் சரி என்று நினைத்தால், கீழே எழுதுங்கள், நிதானமாகப் பேசலாம்.